பழைய நோட்டு நிறைய உள்ளது

படூர்,
மார்கழி, திங்கட்கிழமை மதியம்.

அன்புள்ள அபி,

உடம்பளவில் நானும் அப்பாவும் நலம். நீ எல்லா வகையிலும் நலமாக இருக்க வேண்டும். அங்கே பனி கொட்டுகிறது என்று உன்னோடு வேலை பார்க்கும் ஜாக்குலின் சொன்னாள், காதை மூடிக்கொண்டு போ. முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். பொங்கலுக்கு வர வேண்டாம். டிக்கெட் எடுத்துவிட்டாய் என்று தெரியும், பணம் திரும்பக் கிடைக்காது என்பாய், போகட்டும். ஏன் என்று போனில் கேட்காதே. போனில் பேசப் பயமாக இருக்கிறது, அதனால்தான் காகிதம். ஜாக்குலின் லீவு முடிந்து நாளை மறுநாள் நீ இருக்கும் ரீகாவுக்கே திரும்புகிறாள். நாளை கோவளத்துக்குப் பஸ் ஏறி அவள் வீட்டில் ஒரு பொட்டலம் கொடுப்பேன். பருப்புப் பொடி, நார்த்தங்காய், அதற்குள் இந்தக் கடிதம். அவளுக்கு விஷயம் தெரியாது. நீயும் சொல்லாதே. தெரிந்தவர்கள் எண்ணிக்கை கூடினால் பயம் குறையும் என்று முன்பு நினைத்திருந்தேன். அப்படி இல்லை.

தீபாவளி முடிந்து பரணைச் சுத்தம் செய்தோம். உன் காலேஜ் நோட்டுகள் நாலு சாக்கு மூட்டையாக இருந்தன. பொத்தேரி ஜூனியர் பசங்க யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்று நீதான் சொன்னாய். அப்பா அதைக் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் போட்டார். என்ன போட்டார் என்பதை அப்படியே எழுதுகிறேன், மனப்பாடமாகிவிட்டது. "எங்களிடம் பழைய நோட்டு நிறைய உள்ளது. சுத்தமாக, கிழியாமல் உள்ளது. வேண்டுவோர் நேரில் வந்து எடுத்துக்கொள்ளலாம். பாலசுப்ரமணியன், நாலாவது மாடி." கீழே போன் நம்பர். உனக்குச் சிரிப்பு வருகிறதா? இந்த இடத்தில் எல்லோருக்கும் வரும். ஆனால் அப்பாவுக்கு இதில் இன்னொரு அர்த்தம் இருப்பது தோன்றவே இல்லை. ஏனென்றால் அவர் தன் பழைய ரூபாய் சேகரிப்பை ஒருநாளும் நோட்டு என்று சொன்னதில்லை. தாள் என்பார். ஒரு ரூபாய்த் தாள், டிராக்டர் போட்ட ஐந்து ரூபாய்த் தாள், நிறுத்தப்பட்ட தாள். அவர் வாயில் நோட்டு என்றால் நீ பள்ளிக்குக் கொண்டுபோனது மட்டும்தான். வீட்டுக்குள் இருபது வருடமாகப் புழங்கிய வழக்கம். வெளியே வேறு வழக்கம் என்பது மறந்துபோயிற்று. எனக்கும்தான். பக்கத்தில் உட்கார்ந்து நானும் படித்தேன். எழுத்துப் பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

ஜூனியர்கள் யாரும் வரவில்லை. இப்போது எல்லாம் பிடிஎஃப்பாம். அந்தச் செய்தி யார் யார் கைக்குப் போயிற்றோ தெரியாது. ஒருநாள் மதியம் ஒருவர் வந்தார். அப்பா கல்பாக்கத்தில் ஆபீஸில். நம் வீட்டில் வேலை செய்யும் சந்திரம்மா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். வந்தவர் வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, செருப்பை ஒழுங்காகக் கழற்றி வைத்தார். பேர் சதாசிவம், இடம் வாங்கி விற்கிற தொழில் என்றார். "பழைய நோட்டு கீதுன்னு சொன்னாங்கோ, நெசமாம்மா?" என்று கேட்டார். நிறைய இருக்குங்க என்றேன். எந்த வருசம் வரைக்கும் என்றார். யோசித்து, இரண்டாயிரத்துப் பதினாறு வரைக்கும் இருக்கும், அதோடு நின்னு போச்சு என்றேன். நீ அந்த வருடம்தானே லேப்டாப்பில் எழுத ஆரம்பித்தாய். அவர் குரலைத் தாழ்த்தி, "பெருசா, சின்னதாம்மா?" என்றார். எல்லாம் பெருசுதாங்க, லாங் சைஸ், சின்னது கொஞ்சம் அடியில கிடக்கும் என்றேன். அவர் எச்சில் விழுங்கியதைப் பார்த்தேன், வெயிலில் வந்தவர் என்று தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை. "எண்ணிப் பாத்துக்கிறீங்களா?" என்றார். யாருங்க எண்ணுவாங்க, நாலு மூட்டை கட்டிப் பரண்ல கிடக்குது என்றேன். "மூட்டையா?" என்றார். சாக்கு மூட்டைதான் என்றேன். அண்ணாந்து பரணைத் தேடினார். பிறகு, "எவ்ளோ எதிர்பாக்குறீங்கம்மா, கூச்சப்படாம சொல்லுங்க" என்றார். ஒண்ணும் வேண்டாங்க, யாருக்காவது உபயோகப்பட்டாப் போதும் என்றேன். என் சொற்கள், அபி. எல்லாம் நல்ல சொற்கள். அதன் பிறகு சொன்னதுதான் இன்றைக்கு என் தொண்டையில் நிற்கிறது. எல்லாம் என் பையனோடது, வெளிநாட்டுல இருக்கான், பொங்கலுக்கு வரான், வேணுங்கறதை அவன் எடுத்துக்கட்டும், மிச்சத்தை நீங்க கொண்டு போங்க என்றேன்.

அவர் போன பிறகு சந்திரம்மா கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "யக்கா, பழைய பேப்பர் எடுக்குறவன் செண்ட் போட்டுகினு வருவானா? அந்தாளு பேசிகினே வூட்ட அளந்துகினு கீறான்" என்றாள். நீ எல்லாரையும் சந்தேகப்படுவே என்று நான் சிரித்தேன்.

அடுத்த சனிக்கிழமை சதாசிவம் மறுபடி வந்தார். கூட செல்வராஜ் என்று ஒருவன், கழுத்து தெரியாத உடம்பு. இரண்டு காலி டிராலி பெட்டி உருட்டிக்கொண்டு வந்தார்கள். துணிப்பையில் ஒரு மெஷின். அப்பா அன்று வீட்டில். சந்தோஷமாகத் தானே ஏணி போட்டு ஏறி மூட்டைகளை இறக்கினார். முதல் மூட்டையைப் பிரித்ததும் அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "சோக்கா கீது சார். மேல புக்கு, அடியில சரக்கு" என்றான் செல்வராஜ். அடிவரைக்கும் கவிழ்த்தான். எல்லாம் உன் கையெழுத்து. தெர்மோடைனமிக்ஸ், ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ். ஒவ்வொன்றையும் முதுகைப் பிடித்துத் தலைகீழாக உதறினான். ஒரு பஸ் டிக்கெட் விழுந்தது. உன் பழைய ஹால் டிக்கெட் விழுந்தது. அதை எடுத்தான், அதிலிருந்த உன் படத்தைப் பார்த்தான், சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். நான் கொடுங்கள் என்று சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று இன்னும் யோசிக்கிறேன். அப்பா அந்த மெஷினைப் பார்த்து இது எதற்கு என்று கேட்டார். பணம் எண்ணுகிற மெஷின். அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது. அப்பா வாய்விட்டுச் சிரித்தார். ஐயோ, அந்த நோட்டு இல்லைங்க, பையன் படிச்ச நோட்டு என்றார். நானும் சிரித்தேன். சதாசிவமும் சிரித்தார். செல்வராஜ் மட்டும் சிரிக்கவில்லை. செல்லாமல் போன ஐந்நூறையும் ஆயிரத்தையும் மூட்டையாக வாங்கி எங்கேயோ மாற்றித் தருவதாகச் சொல்லிக்கொண்டு இன்னும் ஆட்கள் திரிகிறார்கள் என்று பேப்பரில் படித்திருக்கிறேன். அந்த ஆட்கள் நம் வீட்டு சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

அதோடு அனுப்பியிருக்க வேண்டும். அப்பாவை உனக்குத் தெரியும். சேகரிப்பைப் பார்க்க வீட்டுக்கு யாருமே வருவதில்லை. வந்தவர்கள் வந்ததுக்கு இதையாவது பார்த்துவிட்டுப் போங்கள் என்று ஆல்பத்தைக் கொண்டுவந்துவிட்டார். கண்ணால் வேண்டாம் என்று சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. செயற்கைக்கோள் படம் போட்ட இரண்டு ரூபாய், டிராக்டர், சக்கரம் போட்ட இருபது. அறுபது வருடத்துக்கு முன் வளைகுடா நாடுகளுக்கென்றே நம் அரசு அச்சடித்த சிவப்புப் பத்து ரூபாய், அதை இரண்டு உறைக்குள் வைத்திருக்கிறாரே, அதுவும். தஞ்சைப் பெரிய கோயில் போட்ட பழைய ஆயிரம். அவருடைய உயிரெல்லாம் அதில்தான். அவர்கள் அதையெல்லாம் காலண்டர் தாள் மாதிரி புரட்டித் தள்ளினார்கள். பழைய ஐந்நூறு வந்ததும் விரல் நின்றுவிட்டது. பக்கம் பக்கமாக ஐந்நூறு. அப்பாவுக்குக் குரல் ஏறிவிட்டது. எல்லாம் ஒன்று போலத் தெரியும், ஒன்றுகூட ஒன்றில்லை என்றார். நம்பர் பக்கத்தில் நிழல் மாதிரி ஓர் ஆங்கில எழுத்து இருக்கும் பாருங்கள், இதில் எல், இதில் ஆர், இதில் எழுத்தே கிடையாது, ரிசர்வ் பேங்க் கவர்னர் கையெழுத்து மாறும், வருடம் மாறும் என்றார். பிறகு பெருமையாக, ஒரே பேங்க் கட்டிலிருந்து வந்தது இரண்டு இதில் கிடையாது என்றார். செல்வராஜ் போனை எடுத்துப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்தான். அப்பா அவனுக்கு வெளிச்சம் விழட்டும் என்று ஆல்பத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் போன். ஒரு நாளைக்கு எத்தனை முறை என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். மரியாதையாகத்தான் பேசினார்கள். சாம்பிள் பிரமாதம் சார் என்றார் சதாசிவம். சாம்பிள் இல்லை, இருப்பதே அவ்வளவுதான் என்று அப்பா சொன்னார். வேற பார்ட்டி ரேட்டு கூடப் போட்டுட்டாங்களா சார், நாங்களும் போடுறோம் என்றார். "எங்க அண்ணாத்த மகாபலிபுரத்துல கீறாரு, ஒரு தபா நேர்ல பாத்து நீங்களே சொல்லிடுங்க, முடிஞ்சிடும்" என்றார். முடிந்துவிடும் என்ற சொல்லை அப்பா பிடித்துக்கொண்டார். நேரில் ஒரு மனிதனிடம் உண்மையைச் சொன்னால் புரியாதா என்றார். தனியாக அனுப்ப மாட்டேன் என்று நானும் போனேன்.

நேற்றைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலை. ஐந்து ரதத்துப் பக்கம் வண்டி நிறுத்துகிற இடம். டூரிஸ்ட் பஸ்கள், மாலை விற்கிறவர்கள், பலூன். இத்தனை பேர் இருக்கிற இடத்தில் என்ன நடந்துவிடும் என்று நினைத்துக்கொண்டேன். இத்தனை பேர் இருந்தும் யாருக்கும் ஒன்றும் தெரியாது என்பது கொஞ்ச நேரத்தில் புரிந்தது. இளநீர்க் கடை ஓரம் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்த அண்ணாத்த. அவர் பேர் இன்னும் எங்களுக்குத் தெரியாது. அறுபது வயது இருக்கும், அழகாகச் சிரிக்கிறார். "வா சார், வாம்மா, எளநி சாப்டு" என்றார். அப்பா ஆரம்பத்திலிருந்து சொன்னார். வாட்ஸப், பரண், உன் படிப்பு, சேகரிப்பு. அவர் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "அவ்ளோ பெரிய ஆபீஸ்ல வேல பாக்குற, நல்லாத்தான் கத வுடுற சார்" என்றார். போனில் படங்களை எடுத்து இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினார். இது எல்லு, இது ஆரு, இதுல எழுத்தே இல்ல, இங்க கையெழுத்து வேற. எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தார். அப்பாவின் தாள்களை அப்பாவைப் போலவே கவனமாகப் பார்த்த இன்னொரு மனிதர் உலகத்தில் உண்டு என்றால் அவர்தான். நான் அப்படிப் பார்த்ததில்லை. நீயும் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு அவர் சொன்னது இது. "ஒரு மன்சன் மறந்து வெச்ச துட்டுன்னா ஒரே கட்டா இருக்கும், நம்பர் வரிசையா வரும். இது ஒண்ணொண்ணும் ஒரு கட்டு. நீயே வாயால சொல்லிகிற. அப்போ இன்னா அர்த்தம்? கட்டுக்கு ஒண்ணு உருவி வெச்சிகிற. கட்டுங்க எங்க சார்?"

அப்பா அந்தப் படங்களையே விரலால் தொட்டுக் காட்டினார். வருடக்கணக்காக ஒவ்வொன்றாகத் தேடினேன், ஆபீஸ் நண்பர் ரமேஷிடம், கண்காட்சியில், கேஷியர்களிடம் என்றார். அண்ணாத்த பின்னால் நின்ற செல்வராஜைப் பார்த்து, "கேட்டுக்கடா, செல்லாத துட்ட தேடித் தேடி சேத்தாராம். எனக்கும் ஒரு மச்சான் கீறான், செத்த எலி சேக்குறான்" என்றார். செல்வராஜ் அன்றுதான் சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பி, "யம்மா, நீதான் கரீக்டா சொன்ன. பையன் வந்து எடுத்துக்குனு மிச்சத்த குடுப்பான்னு சொன்னியாமே. அப்போ சாவி பையன் கையில. இவர புடிச்சு இன்னா பிரயோசனம்?" என்றார். சட்டைப்பையிலிருந்து உன் ஹால் டிக்கெட்டை எடுத்தார். செல்வராஜிடமிருந்து அவர் கைக்கு வந்திருக்கிறது. "இந்த மூஞ்சிதான? இப்போ மீசை வெச்சிக்கிறானா? எந்த ஊரு, துபாயா?" என்றார். நாங்கள் இரண்டு பேரும் திருத்தவில்லை. துபாய் என்றே இருக்கட்டும். "பொங்கலுக்கு ஏர்போட்டுக்கு நாங்களே வண்டி அனுப்புறோம் சார், நீ இன்னாத்துக்கு அலையுற" என்றார். மிரட்டவில்லை, அபி. எழுதும்போது மிரட்டல் மாதிரி தெரிகிறது. சொல்லும்போது சம்பந்தி வீட்டார் சொல்வது மாதிரி இருந்தது. இளநீர்க் காசையும் அவரே கொடுத்தார்.

திரும்பி வருகிற வழியில், கோவளத்துக்கு முன்னால், அப்பா இரண்டு முறை பாதை விலகி ஓட்டினார். ஓரமாக நிறுத்தச் சொன்னேன். கடல் தெரிகிற இடம்தான், பார்க்கத் தோன்றவில்லை. போலீசுக்குப் போகலாம் என்றேன். முடியாது என்றார். ஏன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. செல்லாத ஐந்நூறு ஆயிரம் தாள்களை வைத்திருப்பதற்கு வரம்பு உண்டாம். சும்மா வைத்திருப்பவர்கள் பத்து. ஆராய்ச்சிக்கோ சேகரிப்புக்கோ என்றால் இருபத்தைந்து. அதற்கு மேல் குற்றம். அப்பாவிடம் அதற்கு மேல் இருக்கிறது. எவ்வளவு என்று எழுத மாட்டேன், இந்தக் காகிதம் யார் கையில் சிக்கும் என்று யார் கண்டது. எனக்கு எல்லாம் ஐந்நூறு, அவருக்கு எல்லாம் வேறு வேறு. சட்டம் என் மாதிரிதான் பார்க்கும். சட்டத்தை எடுத்துப் படித்தேன், இரண்டு முறை. அபராதம்தான், ஜெயில் கிடையாது. ஆனால் ஆபீஸ் என்று ஒன்று இருக்கிறதே. அவர் வேலை பார்க்கிற இடத்தில் வாசலில் தொடங்கி எல்லாவற்றுக்கும் சோதனை. கேஸ் என்று ஒரு வார்த்தை பேரோடு ஒட்டிக்கொண்டால் விளக்கம் எழுதியே மிச்சக் காலம் போய்விடும் என்கிறார். அவர் பயம் அது. என் பயம் நீ. இரண்டு பயம் ஒரே வீட்டில் இருந்தால் ஒன்றுக்கொன்று துணையாக இருப்பதில்லை. அவரவர் பயத்தோடு அவரவர் அறையில் இருந்தோம்.

சந்திரம்மாவிடம் மட்டும் சொன்னேன். அவளுக்கு முன்பே தெரிந்த மாதிரிதான் கேட்டாள். "சாரு சேத்தது எல்லாத்தையும் வாசல்ல போட்டு கொளுத்து யக்கா. பாத்துகினே இருப்பானுங்கோ, பாத்துட்டுப் போய்டுவானுங்கோ" என்றாள். அப்படி ஒரு வழி இருப்பதாக எனக்கும் பட்டது. அப்பாவிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். படவில்லை. இத கொளுத்தினா, மூட்டைய ஒளிச்சுட்டு சாம்பிள கொளுத்திட்டான்னு நினைப்பாங்க லோகா என்றார். சரியாகத்தான் சொன்னார். இந்த ஆட்களிடம் நாம் எது செய்தாலும் அது இன்னொரு மூட்டைக்குச் சாட்சியாகிவிடுகிறது. இல்லை என்று சொன்னால் இருக்கிறது என்று அர்த்தம். காட்டினால் ஒளிக்கிறோம் என்று அர்த்தம். பல்கலைக்கழகத்தில் இதைப் பற்றியெல்லாம் பக்கம் பக்கமாகப் படித்தேன், சொல்லும் பொருளும் என்று. பரீட்சையில் நல்ல மார்க்.

நேற்று சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து உட்கார்ந்தார். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். இருபத்தைந்தை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை அழித்துவிட்டுப் போலீசுக்குப் போகலாம் என்று திட்டம். முதல் ஐந்தை எடுத்து வைத்தார். அதற்கு மேல் கை போகவில்லை. நீ சொல்லு, எது வேண்டாம்னு நீ சொல்லு என்றார். நான் ஒன்றைத் தொட்டேன். எழுத்தே இல்லாதது அது ஒன்றுதான் என்றார். இன்னொன்றைத் தொட்டேன். அவர் என் விரலையே பார்த்தார். நான் கையை எடுத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து எல்லாவற்றையும் திரும்ப உறைக்குள் போட ஆரம்பித்தார். அவங்ககிட்ட போட்டோ இருக்கு, இருபத்தஞ்சு மட்டும் கொண்டு போய்க் காட்டினா மிச்சம் எங்கேன்னு போலீசும் அதே கேள்விதான் கேப்பாங்க, எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடலாம், என்ன அபராதமோ கட்டிடலாம், ஆபீஸ்லயும் நானே முதல்ல எழுதிக் கொடுத்துடறேன் என்றார். அப்பாவை அவ்வளவு சின்னதாகவும் அவ்வளவு நேராகவும் நான் பார்த்ததில்லை.

ஆக, நாளை காலை கோவளம் போய் இதைக் கொடுத்துவிட்டு வந்ததும் நானும் அப்பாவும் ஆல்பத்தோடு ஸ்டேஷனுக்குப் போகிறோம். போய் என்ன சொல்வது என்று கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். சார், நோட்டு என்று போட்டது பணத்தை இல்லை, பையன் படித்த நோட்டை, பணத்தை எங்கள் வீட்டில் தாள் என்போம். எனக்கே நம்பிக்கை வரவில்லை. கேட்கிறவர் சிரித்தால் நல்லது. சிரிக்காவிட்டால்தான் பயம். நம்பினாலும் என்ன செய்வார்கள், அந்த மனிதர் பேர்கூட எங்களுக்குத் தெரியாதே. கீழே சாலையில் இரண்டு நாளாக ஒரு வெள்ளைக் கார் நிற்கிறது. வேறு யாருடையதாகவும் இருக்கலாம். படூரில் வெள்ளைக் காருக்கா பஞ்சம். வாட்ச்மேனிடம் கேட்டேன். "யாரோ பிளாட்டு பாக்க வந்துகிறாங்கம்மா" என்றார். எந்த பிளாட் என்று கேட்கவில்லை. பால் வாங்கப் போகும்போது அதைப் பார்க்காமல் போகப் பழகுகிறேன்.

இனி நீ செய்ய வேண்டியது. தெரியாத நம்பர் எடுக்காதே. இந்தியா நம்பர் என்றால் கண்டிப்பாக எடுக்காதே. உன் படம் போட்டிருக்கிற இடங்களில் எல்லாம் எடுத்துவிடு, ஊர்ப் பேர் இருந்தால் அதையும். போன மாதம் வீடியோவில் தாடியைப் பார்த்துவிட்டு மழிக்கச் சொல்லித் திட்டினேன். வேண்டாம், இருக்கட்டும். இன்னும் வளரட்டும். பொத்தேரி நண்பர்கள் யாராவது பொங்கலுக்கு எப்போது வருகிறாய் என்று கேட்டால் லீவு கிடைக்கவில்லை என்று சொல். அவர்கள் நல்ல பிள்ளைகள்தான். அப்பா போட்ட செய்தியும் நல்ல ஆட்கள் கை வழியாகத்தான் அங்கே போய்ச் சேர்ந்தது. ராத்திரி நேரத்துக்குச் சாப்பிடு. நார்த்தங்காய் உப்பு அதிகமாகப் போட்டுவிட்டேன், கை என் பேச்சைக் கேட்கவில்லை, மோரில் அலசித் தொட்டுக்கொள்.

கடைசியாக ஒன்று, இதற்காகத்தான் இவ்வளவும். இந்தக் கடிதத்துக்கு அப்புறம் நான் உன்னைப் போனில் கூப்பிடலாம். அப்பாவுக்கு நெஞ்சு வலி, உடனே கிளம்பி வா என்று சொல்லலாம். அழலாம். குரல் என்னுடையதாகவே இருக்கும். அபி, வராதே. எல்லாம் சரியாகிவிட்டது, சும்மா பயந்துவிட்டேன், வா கண்ணா என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். அப்போதும் வராதே. என் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று உனக்குத் தெரியாது. இத்தனை வருடம் என் பேச்சைக் கேள், கேள் என்று உன்னைப் படுத்தியவள் சொல்கிறேன். இனி என் பேச்சைக் கேட்காதே. போனில் நீ முடியாது என்று சொல்லும்போது நான் உன்னைத் திட்டினால், நீ ஒரு பிள்ளையா என்று கேட்டால்கூட, அந்தப் பக்கம் உன் அம்மா சந்தோஷமாகத்தான் இருக்கிறாள் என்று தெரிந்துகொள். போனை வைத்துவிடு.

எந்த ஊரில் இருந்தாலும் எந்தக் கண்ணிலும் படாமல், நோய் நொடி இல்லாமல், நீண்ட ஆயுளோடு இரு. அப்பாவின் ஆசியும் இதில் உண்டு. லீவு போட்டுவிட்டுப் பக்கத்து அறையில் ஆல்பத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருக்கிறார். எழுதுகிறேன் என்று அவருக்குத் தெரியும், என்ன எழுதினாய் என்று கேட்கவில்லை.

படித்ததும் கிழித்துப் போட்டுவிடு, மறக்காதே.

உன் அம்மா,
லோகநாயகி